‘திரிபும்’ மோட்டெட்: சுவடிகளும் ஆய்வுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன பாட்டு? ஏன் மூன்று பெயர்?

1315ஐ ஒட்டிப் பாரிஸில் உருவான மூன்று குரல் பாட்டு இது. மூன்று குரலும் ஒரே நேரத்தில் மூன்று வேறு வரிகளைப் பாடும். மேல்குரல் ‘திரிபும் குவே நோன் அபோர்ருயித்’ என்று தொடங்குகிறது. நடுக்குரல் ‘குவோனியம் செக்தா லாத்ரோனும்’. அடியில், நீண்ட நீண்ட சுரங்களாக நகரும் தெனோர் குரலுக்கு ‘மெரித்தோ ஹேக் பாதிமுர்’ என்ற மூன்றே சொற்கள். மோட்டெட் வகைப் பாட்டுகளுக்குத் தனித் தலைப்பு கிடையாது. ஒவ்வொரு குரலின் முதல் சொற்களையும் அடுக்கித்தான் ஆய்வாளர்கள் குறிப்பிடுவார்கள். இந்தப் பக்கத்தில் ‘திரிபும்’ என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மூன்று வரிகளும் லத்தீனில் இருக்கின்றன. பிறகு ஏன் பிரெஞ்சு மோட்டெட்?

ஊரும் ஆளும் அரசியலும் பிரான்ஸைச் சேர்ந்தவை, அதனால். 13ஆம் நூற்றாண்டில் மேல்குரல்கள் பிரெஞ்சு மொழியில் காதல் பாடிய மோட்டெட்டுகள் ஏராளம். அரசவை விவகாரத்தைக் குத்திக்காட்ட வேண்டும் என்றால் படித்தவர்கள் லத்தீனுக்குப் போனார்கள். கேட்டவர்களும் அநேகமாக அரசாங்கக் கணக்கர்கள், எழுத்தர்கள், குருமார்கள்தாம்.

யாரைப் பற்றிய பாட்டு?

ஆங்கெரான் த மாரிஞி. நான்காம் பிலிப் அரசனின் கடைசி ஆண்டுகளில் கஜானாவும் அதிகாரமும் இவர் கையில் இருந்தன. தம்பிமாரில் பிலிப் சாந்ஸ் நகரப் பேராயர், ஜான் போவே ஆயர். மேல்குரலின் முதல் சொல்லான ‘குலம்’ இந்தக் கூட்டத்தைத்தான் சொல்கிறது.

1314 நவம்பர் 29 அன்று அரசன் இறந்தான். பத்தாம் லூயி பட்டத்துக்கு வந்தான். அவனுடைய சித்தப்பா வலுவா சார்ல்ஸுக்கு மாரிஞி மீது பழைய கோபம். முதலில் பணக் கையாடல் என்றார்கள். அது சரியாக நிற்காமல் போனதும் சூனியக் குற்றச்சாட்டு வந்தது. 1315 ஏப்ரல் 30, இயேசுவின் விண்ணேற்றப் பெருவிழாவுக்கு முந்தின நாள், பாரிஸ் எல்லையில் மோன்ஃபொகோன் தூக்குமேடையில் மாரிஞியைத் தொங்கவிட்டார்கள்.

மேல்குரல் சொல்வது ஏறத்தாழ இது: தகாத உயரத்துக்கு ஏறக் கூசாத குலத்தை வெறிகொண்ட விதி கவிழ்த்துப் போட்டது, அக்குலத்தின் தலைவனுக்கு, எல்லாரும் பார்த்துப் பாடம் கற்கும் நிலையான கண்ணாடியாக, தூக்குமரத்தை நாட்டியது. நடுக்குரல் விலங்குக் கதையாகப் பேசுகிறது. குருட்டுச் சிங்கம் ஆண்ட காலத்தில் சேவல்களைக் கடித்துத் தின்ற நரி, தன் வினையாலேயே திடீரென்று சாவில் விழுந்தது என்கிறது. சிங்கம் அரசன். நரி மாரிஞி. சேவல் பிரெஞ்சு மக்கள். லத்தீனில் ‘காலுஸ்’ என்றால் சேவலும்தான், ‘கால்’ நாட்டவனும்தான், அதாவது பிரான்ஸ்காரன்.

பாட்டில் மாரிஞியின் பெயர் இருக்கிறதா?

ஒரு இடத்தில்கூட இல்லை. தூக்குமரம், சொத்து பறிபோனது, குருட்டுச் சிங்கம் எல்லாம் பொருந்துவதால் வேறு ஆளைத் தேட இடமில்லை. அதோடு, இது கிடைக்கும் முதன்மையான சுவடியிலேயே மாரிஞி வீழ்ந்த கதையை வரி வரியாகச் சொல்லும் செய்யுள் நாளாகமம் ஒன்றும் இருக்கிறது.

தெனோரின் மூன்று சொற்கள் எங்கிருந்து வந்தவை?

தவக்காலத்தில் பாடும் ஒரு பதிலுரைப் பாடலிலிருந்து. விவிலியத்தின் தொடக்கநூல் 42:21இல் யோசேப்பின் அண்ணன்மார் எகிப்தில் மாட்டிக்கொண்டு, ‘நமக்கு இது தகும், தம்பிக்குத் துரோகம் செய்தோமே’ என்று புலம்புகிற இடம். இசையமைத்தவர் அந்த ராகத்தின் தொடக்கத்தை மட்டும் வெட்டியெடுத்து, திரும்பத் திரும்ப வரும் தாளக் கட்டுக்குள் அடுக்கியிருக்கிறார். இந்த உத்திக்கு ‘ஐசோரிதம்’ என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயர் சூட்டியவர் ஜெர்மன் ஆய்வாளர் ஃபிரீட்ரிஷ் லூட்விக். அந்தக் காலத்தவர்களுக்கு அப்படி ஒரு சொல் தெரியாது.

எந்தெந்தச் சுவடிகளில் கிடைக்கிறது?

முக்கியமானவை நான்கு. இந்த நான்கும் நான்கு வகை. இந்த மோட்டெட்டைப் படிப்பதில் உள்ள சுவாரசியமே அதுதான் என்பேன்.

முதலாவது, பிரான்ஸ் தேசிய நூலகத்தின் ‘பிரெஞ்சு 146’. ஆடம்பரமான பெரிய தோல் நூல், மூன்று பத்திகளாக எழுதியது, படங்கள் நிறைந்தது. இரண்டாவது, பிரஸ்ஸல்ஸ் அரச நூலகத்தின் 19606 எண்ணுள்ள தோல் சுருள். மூன்றாவது, லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள ‘கூடுதல் 28550’, அதாவது ராபர்ட்ஸ்பிரிட்ஜ் ஏடுகள். இதில் பாட்டு விசைப்பலகைக் கருவிக்காக மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. நான்காவது ஸ்ட்ராஸ்பூர்க் சுவடி. அது எரிந்துபோய்விட்டது.

பிரெஞ்சு 146 ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அது ஃபொவேல் கதையின் விரித்த வடிவம். ஃபொவேல் என்பது அரண்மனையில் ஏறி உட்கார்ந்துகொண்ட ஒரு குதிரை. போப்பாண்டவர் முதல் அரசன் வரை எல்லாரும் அதன் முதுகைத் தடவிவிடக் காத்திருக்கிறார்கள். முகஸ்துதி, பேராசை, கீழ்மை, நிலையின்மை, பொறாமை, கோழைத்தனம் ஆகியவற்றின் பிரெஞ்சு முதலெழுத்துகளைக் கோத்தால் அதன் பெயர் வரும். கதையின் முதல் பகுதி 1310, இரண்டாம் பகுதி 1314. இரண்டாவதை எழுதியவர் அரசவை எழுத்தர் ஜெர்வே து பூஸ். ஃபொவேல் கதைக்குப் பத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் உண்டு. இசை சேர்த்தது இது ஒன்றில்தான்.

ஷையூ த பெஸ்டான் என்பவர் பெயரில் நடந்த இந்த விரிவாக்கத்தில் 160க்கும் மேற்பட்ட இசைத் துண்டுகள் நுழைந்தன. அரை வரிப் பாட்டும் உண்டு, முழு மோட்டெட்டும் உண்டு; பலகுரல் மோட்டெட்டுகள் மட்டும் 34. நாளாகமம் 1316 வரை வருகிறது. அதையும் உள்ளிருக்கும் மற்ற கவிதைகளையும் வைத்து, நூலை 1317ஐ ஒட்டியது என்பார்கள். அதாவது தூக்கு நடந்து இரண்டு ஆண்டுக்குள், அரசாங்க அலுவலகத்தை உள்ளிருந்து அறிந்தவர்கள் செய்த நூல். அவர்களில் பலர் மாரிஞியை நேரில் பார்த்திருப்பார்கள்.

‘திரிபும்’ 41ஆம் ஏட்டின் பின்பக்கத்தில் தொடங்கி 42ஆம் ஏட்டுக்குப் போகிறது.

இன்றைய இசைத்தாள் போல மூன்று வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்குமா?

இருக்காது. ஒவ்வொரு குரலும் தனித்தனியாக, முழுசாக எழுதப்பட்டிருக்கும். மேல்குரலுக்கும் நடுக்குரலுக்கும் இடம் அதிகம் வேண்டும், தெனோருக்குச் சில வரி போதும். எந்தச் சுரம் எந்தச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கிறது என்பது ஏட்டைப் பார்த்தவுடன் தெரியாது. எண்ணிப் பார்க்க வேண்டும், அல்லது மூன்று பேர் நின்று பாடிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சின்னச் சுரங்களுக்கு இந்தச் சுவடி பெரும்பாலும் ஒரே சாய்சதுர வடிவத்தைப் போட்டு, கூட்டம் கூட்டமாகப் புள்ளி வைத்துப் பிரிக்கிறது. இரண்டு புள்ளிக்கு நடுவில் மூன்று சுரமோ நான்கு சுரமோ இருந்தால், எது நீளம் எது குட்டை என்று பாடுகிறவர் வழக்கத்தை வைத்தே தெரிந்துகொள்ள வேண்டும். மிகச் சிறிய சுரத்துக்கு மேல்நோக்கிய கோடு போடும் பழக்கம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. ஆக, நாம் கேட்கும் ஒலிப்பதிவுகளின் தாளம் பதிப்பாசிரியரின் முடிவும் கலந்தது.

தோல் சுருளில் பாட்டு எழுதி என்ன பயன்?

எடுத்துப் போகச் சுலபம், செலவும் குறைவு. கட்டிய நூல் ஒன்றைச் செய்வதற்கும் நாலு தோலை நீளமாகத் தைப்பதற்கும் உள்ள வித்தியாசம். இசை இப்படித்தான் கைமாறியிருக்கும் என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் சுருள்கள் தேய்ந்து, கிழிந்து, வேறு நூல்களுக்கு அட்டைப் பொதியாகிப் போயின, மிஞ்சியவை கொஞ்சம். பிரஸ்ஸல்ஸ் சுருளில் ஃபொவேல் நூலில் உள்ள வேறு சில மோட்டெட்டுகளும் இருக்கின்றன. ‘திரிபும்’ மாதிரிப் பாட்டுகள் ஃபொவேல் கதைக்கு வெளியேயும் தனியாக உலவின என்பதற்கு அது சாட்சி.

ஸ்ட்ராஸ்பூர்க் சுவடி எரிந்தது என்றால், அதில் இந்தப் பாட்டு இருந்தது எப்படித் தெரியும்?

1870 ஆகஸ்ட் 24 இரவு பிரஷ்யப் படை நகரத்தைக் குண்டால் அடித்தபோது ஸ்ட்ராஸ்பூர்க் நகர நூலகம் சாம்பலானது. 222 C.22 என்ற எண்ணுள்ள 15ஆம் நூற்றாண்டு இசைச் சுவடியும் அதில் போனது. நல்லவேளையாக, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே எட்மோன் த குஸ்மேக்கர் அதைக் கையில் வைத்துப் பார்த்திருந்தார். அவர் தொழிலால் நீதிபதி, மனசால் இசை ஆராய்ச்சியாளர். உள்ளிருந்த பாட்டுகளின் தொடக்கங்களையும் சில முழுப் பாட்டுகளையும் கையால் எழுதி வைத்தார். அந்தக் குறிப்பேடு பிரஸ்ஸல்ஸ் இசைக் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. அதில் ‘திரிபும்’ பதிவாகியிருக்கிறது.

மாரிஞி யார் என்றே மறந்துபோயிருக்கக்கூடிய காலத்தில், ரைன் நதிக்கரையில், ஒருவர் இதைப் பிரதி எடுத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அரசியல் சூடு ஆறிய பிறகும் பாட்டு தன் காலில் நின்றிருக்கிறது. உயரம் ஏறுகிறவன் விழுவான் என்ற கருத்துக்கு எந்த ஊரிலும் ஆள் கிடைத்திருப்பார்கள்.

ராபர்ட்ஸ்பிரிட்ஜ் ஏடுகளில் என்ன வேறுபாடு?

நிறைய. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ராபர்ட்ஸ்பிரிட்ஜ் மடத்தின் பழைய பதிவேட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்த இரண்டே ஏடுகள். ஆறு இசைத் துண்டுகள் உள்ளன. முதலும் கடைசியும் முழுமையாக இல்லை. மூன்று நடன இசை, மூன்று குரற்பாட்டின் மாற்று வடிவம். பின்னதில் இரண்டு ஃபொவேல் நூலில் உள்ளவை: ‘திரிபும்’ ஒன்று, ‘ஃபிர்மிஸ்ஸிமே / அதெஸ்தோ’ இன்னொன்று. விசைப்பலகைக்காக எழுதி இன்றுவரை தப்பியவற்றில் இதுவே மிகப் பழையது என்பது பொதுவான கருத்து. காலம் 1360ஐ ஒட்டி என்பார்கள்.

வலக்கைக்குரிய மேல்குரல் கோடுகளில் சுரமாக எழுதப்பட்டிருக்கிறது. மற்ற குரல்கள் அதன் கீழே எழுத்துகளாக, நாம் சரிகம எழுதுவது போலவே. மேல்குரலில் மூலப் பாட்டில் ஒரு சுரம் நிற்கும் இடத்தில் இங்கே நாலைந்து சுரங்கள் ஓடுகின்றன. பாட்டு வரிகள் கிடையாது. தூக்கு, நரி, சிங்கம் எல்லாம் உதிர்ந்துவிட்டன, இசை மட்டும் மிச்சம். நான்கு சுவடிகளில் எனக்குப் பிடித்தது இதுதான்: ஒரு கலைஞன் இந்தப் பாட்டை எப்படிக் கேட்டான், எங்கே அலங்கரிக்கலாம் என்று நினைத்தான் என்பது எழுத்தில் நிற்கிறது.

இசையமைத்தவர் ஃபிலிப் த வித்ரியா?

பல ஒலித்தட்டுகளின் அட்டையில் அப்படித்தான் இருக்கும். சுவடிகள் எதிலும் இந்தப் பாட்டுக்கு அவர் பெயர் இல்லை.

வித்ரி 1291 அக்டோபர் 31 அன்று பிறந்தவர். அரசவையில் வேலை பார்த்து 1351இல் மோ நகர ஆயரானார், 1361இல் இறந்தார். இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கா அவரைப் பிரான்ஸின் ஒரே கவிஞர் என்று மெச்சியவர். 1920களில் ஹைன்ரிஷ் பெஸ்ஸலர் நடையை வைத்துப் பல மோட்டெட்டுகளை வித்ரியோடு சேர்த்தார். 1956இல் லியோ ஷ்ராடே பதிப்பித்த தொகுதி அதை நிலைநிறுத்தியது. ‘ஆர்ஸ் நோவா’ என்ற இசை இலக்கண நூல் மேற்கோள் காட்டும் ‘காரித் காலுஸ் / இன் நோவா’ மோட்டெட்டில் இதே நரி, இதே குருட்டுச் சிங்கம், இதே சேவல் வருகின்றன. இரண்டுக்கும் ஒரே கை என்பது வாதம்.

எதிர்ப்பும் வலுவானது. 1980களில் சாரா ஃபுல்லர் அந்த இலக்கண நூலையே கேள்விக்குள்ளாக்கினார். வித்ரி உட்கார்ந்து எழுதிய நூல் என்று ஒன்று இருந்ததா, அல்லது பாடம் கேட்டவர்களின் குறிப்புகள் ஒன்றுசேர்ந்து அவர் பெயரில் நின்றனவா என்பது அவர் கேள்வி. 1995இல் டேனியல் லீச்-வில்கின்சன் ஃபொவேல் மோட்டெட்டுகள் சிலவற்றுக்குப் பின்னால் வேறொரு பெயரறியாத இசைஞரும் இருக்கலாம் என்று வாதிட்டார். என் பார்வையில் ‘காரித் காலுஸ்’ வித்ரியுடையது என்பதற்கு ஆதாரம் ஓரளவு உண்டு, ‘திரிபும்’ அதன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ‘வித்ரியுடையதாக இருக்கலாம்’ என்று எழுதுவதே நேர்மை.

மூன்று மாரிஞி மோட்டெட்டுகள் என்கிறார்களே, எது முதலில் வந்தது?

இதில்தான் சண்டை. மூன்றையும் கதையின் காலப்படி வரிசைப்படுத்தினால் இப்படி வரும்:

‘காரித் காலுஸ்’: நரி அதிகாரத்தில் இருக்கிறது, குருட்டுச் சிங்கம் அது சொன்னபடி ஆடுகிறது, சேவல் அழுகிறது. ‘திரிபும்’: நரி விழுந்துவிட்டது, தூக்குமரம் நாட்டியாகிவிட்டது. ‘ஆமான் நோவி / ஹெயு ஃபோர்த்துனா’: விவிலியத்தில் எஸ்தர் கதையின் ஆமானைப் போலத் தொங்கும் ஒருவன் பேசுகிறான், உடலை மழை நனைக்கிறது, காற்று உலர்த்துகிறது.

பழைய ஆய்வு இதை அப்படியே தேதியாக எடுத்துக்கொண்டது. எர்னஸ்ட் சாண்டர்ஸ் 1975இல் எழுதிய கட்டுரை அந்த வழியில் போகிறது. ‘காரித் காலுஸ்’ நிகழ்காலத்தில் பேசுகிறது, அரசன் இன்னும் இருக்கிறான், ஆகவே 1314 நவம்பருக்கு முன்னால். மற்ற இரண்டும் 1315 ஏப்ரலுக்குப் பின்னால். இந்தத் தேதிகளை நம்பி இசை நடை எப்படி மாறியது என்ற வரலாறே எழுதினார்கள்.

சுவடியைத் திறந்தால் வரிசை தலைகீழ். ‘ஆமான் நோவி’ 30ஆம் ஏட்டில், ‘திரிபும்’ 41இல், ‘காரித் காலுஸ்’ 44இல். முதலில் பிணம், அப்புறம் தூக்கு, கடைசியில் ஆட்சி. ஏடு தவறி மாறிப்போயிற்று என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒவ்வொரு பாட்டும் தன் பக்கத்துக் கதையோடு இறுகப் பின்னியிருக்கிறது.

1998இல் மார்கரெட் பென்ட் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்: பாட்டு நிகழ்காலத்தில் பேசினால், எழுதினவனும் அந்தக் காலத்தில் இருந்தான் என்று எப்படிச் சொல்வது? மூன்றும் மாரிஞி செத்த பிறகு, இந்த நூலை மனதில் வைத்தே செய்திருக்கலாமே? மாரிஞி தொங்கியும் ஊழல் தொங்கவில்லை, ஃபொவேல்கள் திரும்பத் திரும்ப வருவார்கள் என்ற கசப்பைச் சொல்ல, ஆட்சியில் இருக்கும் நரியோடு முடிப்பதை விடப் பொருத்தமான வழி கிடையாது. எட்வர்ட் ரோஸ்னர் 2003இல் இந்த மோட்டெட்டுகளை ஒரு தொகுதியாக விரிவாகப் படித்தார்.

தேதிச் சண்டை முழுதாக ஓயவில்லை. ஆனால் ‘1314க்கு முந்தியது’ என்று அழுத்தமாக எழுதும் கட்டுரை இனி பென்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பாட்டின் கடைசியில் ரோமக் கவிஞர் ஓவிட் வருகிறாராமே?

ஆமாம், பெயரோடு வருகிறார். ‘நாசோவின் சொற்களைச் சேவல் கூவட்டும்’ என்று நடுக்குரல் சொல்லிவிட்டு (நாசோ என்பது ஓவிட்டின் பெயர்களில் ஒன்று), ஓவிட் கருங்கடல் கரையில் நாடுகடத்தப்பட்டிருந்தபோது எழுதிய கடிதக் கவிதையிலிருந்து இரண்டு வரிகளை அப்படியே பாடுகிறது. மனிதருடையது எல்லாம் மெல்லிய நூலில் தொங்குகிறது, வலிமையாக நின்றது திடீரென்று சரிகிறது என்பது பொருள். தூக்கில் தொங்கியவனைப் பற்றிய பாட்டில் ‘தொங்கும்’ என்று முடிப்பது குரூரமான நகைச்சுவை. மேல்குரலும் ஒரு பழைய ஈரடியோடு முடிகிறது: இளந்தென்றலுக்குப் பின் வரும் குளிர் கூடுதலாக வாட்டும், இன்பத்துக்குப் பின் வரும் துன்பமும் அப்படியே, நல்வாழ்வே கிட்டாமல் இருப்பதைவிட மேல் வேறில்லை.

1997இல் பென்ட் எழுதிய கட்டுரை இங்கேதான் தொடங்குகிறது. ஓவிட் வரிகள் கடைசியில் ஒட்டியவை அல்ல, முழுப் பாட்டும் அவற்றிலிருந்து பின்னோக்கிக் கட்டப்பட்டது என்கிறார். நடுக்குரலின் நடுவிலேயே ‘சூபித்தோ’, ‘ருயேரே’, ‘மெரித்தோ’ என மூன்று சொற்கள் நெருக்கமாக வருகின்றன. முதல் இரண்டும் ஓவிட் வரியில் திரும்ப வருபவை. மூன்றாவது தெனோரின் முதல் சொல். மேல்குரலில் விழுவதைக் குறிக்கும் சொற்கள் அடுத்தடுத்து விழுகின்றன. தெனோர் ராகத்தைத் தேர்ந்தது, செய்யுள் எழுதியது, இசையமைத்தது எல்லாம் ஒரே மேசையில் நடந்த வேலை என்று நம்பவைக்கும் வாதம். எண்ணிக்கை, சமச்சீர் என்று அவர் போகும் சில இடங்களில் எனக்குச் சந்தேகம் உண்டு. சொற்களைப் பற்றிச் சொல்வதில் இல்லை.

மூன்று வரியும் ஒன்றாகப் பாடினால் கேட்பவருக்கு என்ன புரியும்?

முதல் தடவையில் அதிகம் புரியாது. பாடியவர்களுக்கும் ஏட்டைப் படித்தவர்களுக்கும்தான் முழு விருந்து. ஆனால் ஓவிட் வரி படித்தவர்கள் காதுக்குப் பழகியது. அது வந்ததும் பிடித்திருப்பார்கள்.

எந்தப் பதிப்பைப் படிக்கலாம்? சுவடியை வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?

பிரெஞ்சு 146ஐ முதலில் புகைப்படமாக வெளியிட்டவர் பியேர் ஓப்ரி, 1907இல். இன்று ஆய்வாளர்கள் கையாள்வது ரோஸ்னர், ஃபிரான்சுவா அவ்ரில், நான்சி ரெகலாடோ மூவரும் நீண்ட முன்னுரையோடு 1990இல் கொண்டுவந்த நிழற்படப் பதிப்பு. இசையை இன்றைய குறியீட்டில் வேண்டுமானால் ஷ்ராடே தொகுதி இன்னும் கைகொடுக்கும், அவர் தரும் தேதிகளை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். பென்டின் கட்டுரைகள் திருத்தத்தோடு 2023இல் வந்த அவருடைய மோட்டெட் நூலில் சேர்ந்துள்ளன.

சுவடியைப் பார்க்கப் பணம் வேண்டாம். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் பிரெஞ்சு 146 முழுதும் இருக்கிறது. 30ஆம் ஏட்டிலிருந்து தொடங்கி 44 வரை ஒரே மூச்சில் புரட்டுங்கள். நடுவில் ஊரார் பானை சட்டி தட்டி ஃபொவேலின் கல்யாண இரவைக் கெடுக்கும் படங்களும் வரும், அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். 41ஆம் ஏட்டில் இசைக்கோடு எந்தப் பத்தியில் தொடங்குகிறது, தெனோருக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு ராபர்ட்ஸ்பிரிட்ஜ் வடிவத்தின் ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுவிட்டு, அதே ஏட்டின் மேல்குரலை விரலால் தொடர்ந்துகொண்டே போகலாம். அலங்காரச் சுரங்கள் எங்கே கூடுகின்றன என்பது இரண்டாம் முறை கேட்கும்போது பிடிபடும்.